பூண்டுப் பரணுக்குக் கீழே பதிவு செய்த ராப்

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையில் பதிவு செய்த என் புது ராப் பாட்டு வெளியாகிவிட்டது, பூண்டுக்காட்டில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது. பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடுகிற இசை) எங்கே வாங்கினீர்கள், எந்த மைக், எப்படி எழுதினீர்கள் என்று கேட்கிற தம்பி தங்கைகள் நிறையப் பேர். துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிடச் செய்த வேலையை முழுசாக எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். மைக், மிக்ஸ் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்வது) பற்றிச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். வார்த்தை யாருடையது, அதை யாரிடம் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது, பாட்டுக்கு வருகிற காசில் யார் பெயர் எழுதப்பட வேண்டும் என்பதில்தான் இந்த முறை என் நேரமெல்லாம் போனது. அதனால் இந்தக் குறிப்பும் அந்தப் பக்கமே சாயும்.

இதற்கு முன்னால் போட்ட பாட்டு ரீல்ஸில் நன்றாக ஓடியது. பனி, கொண்டை ஊசி வளைவு, பைக் என்று மலைக்கு வருகிறவர்கள் கண்ணால் பார்த்த பாட்டு. முழுப் பாட்டும் ஓடவில்லை, ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வருகிற பல்லவி, இருக்கிற 15 விநாடிதான் ஓடியது. கல்லூரி விழாக்களில் அந்த இடம் வரும்போது மொத்த அரங்கமும் கூடப் பாடும். வெர்ஸ் (பல்லவிகளுக்கு நடுவே வருகிற ராப் பகுதி) தொடங்கியதும் தூக்கிய கைகள் இறங்கிவிடும். அந்த வெற்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்போன், தங்கையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் மேல்மலையைப் பற்றிய பாட்டில் மேல்மலையில் பாடுபடுகிற ஒரு ஆள்கூட இல்லை என்பது மேடையில் பாடப் பாட எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்தது வேலை செய்கிறவர்களின் பாட்டு என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ராப்பும் இந்த மலையும் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடியதுதான். கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றியது அது. அடுத்த ஆண்டு, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டுதான் சாதித்தது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அத்தனை வருடம் விடாமல் நின்றவர்கள் அந்தத் தொழிலாளர்கள். அவர்கள் பேச்சை வெளியூர்க் காதுகளுக்குக் கொண்டுபோனது பாட்டு, அதுவே பெரிய வேலை. ஒரு ராப் பாட்டு யாருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் அது வென்றதா இல்லையா என்று நான் சொல்வேன். பார்வை எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

சரி, எதைப் பற்றி எழுதுவது? அதற்கு நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று எங்கள் மேல்மலை முழுக்கப் பூண்டுக் காடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பூண்டு வளர்கிற படிக்கட்டு நிலத்தில் முதுகு வளைந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் அத்தை அதில் ஒருவர். விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து, பாத்தியில் ஊன்றி, களையெடுத்து, பிடுங்கி, தாளோடு கட்டி, பரணில் ஏற்றிப் புகைபோட்டு, மூட்டையாக்கி வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிறவரை எல்லாம் அவர் கை படுகிற வேலை. எனக்கு விவரம் தெரிந்த நாளாகப் பார்க்கிறேன். பார்த்ததால் மட்டும் அந்த வேலையை எழுதிவிட முடியாது என்பது இந்தப் பாட்டை எழுதும்போது நன்றாகத் தெரிந்தது.

பீட்

முந்தைய பாட்டின் பீட் இணையத்தில் குத்தகைக்கு எடுத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். குத்தகை பீட் உங்களுக்கு மட்டும் உரியது ஆகாது. அதையே வேறு பத்துப் பேரும் எடுத்திருக்கலாம். பெரும்பாலான குத்தகைகளில் இத்தனை தடவை கேட்கப்படும்வரைதான் செல்லும் என்று ஓர் எல்லை இருக்கும். பாட்டு பெரிதானால் மறுபடி காசு கட்ட வேண்டும். அதற்குள் வேறு யாராவது தனி உரிமை வாங்கிவிட்டால் உங்கள் பாட்டு அந்தரத்தில் தொங்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த எல்லையை மட்டுமாவது படியுங்கள்.

இந்த முறை பீட்டுக்கு உறுமிதான் என்று வைத்துக்கொண்டேன். மலையடிவாரத்திலிருந்து கோயில் கொடைகளுக்கு வாசிக்க வருகிற உறுமிக்கார அண்ணன் ஒருவரைக் கேட்டேன். சாமிப் பாட்டா என்று கேட்டார். பூண்டுக்காட்டுப் பாட்டு என்றதும் கொஞ்சம் யோசித்து, "அப்ப வேகமா வேணாம் தம்பி, குனிஞ்சு வேலை செய்யிறவங்க வேகம் வேணும்" என்றார். பாட்டின் டெம்போவை, அதாவது வேகத்தை, தீர்மானித்தது அந்தப் பேச்சு. நான் 104 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு) வைத்திருந்தேன். அவர் வாசித்துக்காட்டியது 90-ஐ ஒட்டி நின்றது. 90 என்றால் ஒரு பார், அதாவது நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று, இரண்டே முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு, 16 பார் வெர்ஸ் ஏறக்குறைய 43 விநாடி. வரியில் மூச்சுவிட இடம் கிடைக்கிற வேகம் அது.

உறுமியைப் பதிவு செய்வது தனி வேலை. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறு முகத்தை அடிப்பார்கள். தேய்க்கிற பக்கம்தான் அந்த முனகலான உறுமல். அதில் சின்ன உரசல்கூட முக்கியம். அடிக்கிற பக்கத்துக்கு ஷூர் எஸ்எம்58 (மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற மைக்), தேய்க்கிற பக்கத்துக்குக் கண்டென்சர் மைக் (நுணுக்கமான ஒலியையும் வாங்குகிறது), இரண்டும் ஒரு சாண் தள்ளி. ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்தால் ஒன்றை ஒன்று தின்னும். பதிவை ஆரம்பிக்குமுன் ஒரு மைக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழ் திசையை) திருப்பிப்போட்டுக் கேளுங்கள். எந்த நிலையில் அடி கனமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பனி மூட்டத்தில் தோல் தொய்ந்துவிடும். அண்ணன் அடுப்புப் பக்கத்தில் உறுமியைக் காட்டிக் காட்டி, கயிற்றை இழுத்துவிட்டு வாசித்தார். அவசரப்படுத்தவே கூடாது. தோல் ஏறிய பிறகு வந்த சத்தம் முதலில் வந்ததிலிருந்து முற்றிலும் வேறு.

கிளிக் (காதில் சீராக ஓடுகிற தாள ஓசை) போட்டு வாசிக்கச் சொல்லவில்லை. அவர் வாசித்ததில் வேகம் 88-க்கும் 93-க்கும் நடுவே மூச்சுப்போல ஏறி இறங்கியது. கட்டத்துக்குள் இழுத்து நேராக்குவது ரீப்பர் என்கிற பதிவு மென்பொருளில் சுலபம். நான் தலைகீழாகச் செய்தேன்: அவருடைய அடிகளை வைத்து டெம்போ மேப் (வேகம் ஏறி இறங்குகிற வரைபடம்) வரைந்து, என்னுடைய கிக் (டிரம்மின் கனமான அடி), பேஸ் (அடித்தள ஒலி) எல்லாவற்றையும் அவருக்குப் பின்னால் நடக்கவிட்டேன். வேலை கூடுதல். ஆனால் ஒரு ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு அவர் கையை மெஷினுக்கு ஏற்ப வெட்டி ஒட்டினால் அவரைக் கூப்பிட்டதற்கே அர்த்தம் இல்லை. முதல் மூன்று விநாடிக்குள் ஹூக் வந்துவிட வேண்டும் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். இந்தப் பாட்டு நான்கு பார் வெறும் உறுமியோடு தொடங்குகிறது, பத்து விநாடிக்கு மேல். கடந்துபோகிறவர்கள் போகட்டும். அந்த உறுமலைக் காதில் வாங்கிய பிறகு வெர்ஸ் வந்தால்தான் வெர்ஸுக்கு எடை இருக்கிறது.

எழுத்து

தமிழில் ராப் எழுதுகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதுவே பெரிய ஆபத்தும். நம் வினைச்சொல் எல்லாம் ஒரே மாதிரி முடியும். போறாங்க, வாறாங்க, பாக்குறாங்க, கேக்குறாங்க. இயைபு (வரிகளின் முடிவு ஒத்து ஒலிப்பது) தானாக விழும். எதுவும் யோசிக்காமல் 16 பார் முழுக்க 'றாங்க' போட்டு நிரப்பிவிடலாம். கேட்கிறவர்களுக்கும் ராப் போலவே இருக்கும். என் முதல் வரைவு இப்படித்தான் தொடங்கியது:

காலையில எந்திரிச்சு காட்டுக்குப் போறாங்க
கையெல்லாம் எரிஞ்சாலும் களையெடுக்கப் போறாங்க

முதல் வரைவில் இப்படி எழுதி வைப்பது என் வழக்கம். விஷயம் என்ன என்று தாளில் வந்துவிடும். அடுத்த வேலை, வரியின் கடைசியில் கிடக்கிற ஒலியை வரியின் முன்பக்கத்துக்குக் கொண்டுபோவது. எதுகையும் மோனையும் நம் மரபில் அடியின் முன்னால்தான் உட்காரும். ராப்பில் பாரின் முதல் தட்டில்தான் அடி விழுகிறது. கிக் விழுகிற இடத்தில் எதுகை விழுந்தால் வரி தானாக எழுந்து நிற்கும், கடைசியில் பெரிய இயைபு தேவையே இல்லை.

அடுத்து எண்ணிக்கை. கட்டளைக் கலித்துறை என்கிற பழைய பாவகையில் ஒற்றை, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்தை, நீக்கிவிட்டு எழுத்தை எண்ணுவார்கள்: நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்துப் பாடுகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. ஒற்றை விட்டுவிட்டு எண்ணுங்கள். 16-ஐச் சுற்றி வந்தால் ஒரு பாரில் மூச்சுத் திணறாமல் அடங்கும். 22, 23 என்று போனால் வாய் குளறும், அல்லது வேகத்தைக் காட்டுவதற்காக மட்டும் பாடுகிறோம் என்று அர்த்தம்.

பல வரைவுக்குப் பிறகு அந்த இரண்டு வரி இப்படி ஆனது:

பல்லு பிரிச்ச விரலு எல்லாம் பச்சத்தண்ணி பட்டா எரியும்
கல்லு வரப்பு ஏற ஏற கணுக்காலு கணக்கறியும்

இதை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். பாட்டு யாரைப் பற்றியதோ அவருக்கு முன்னால் பாடிக்காட்டுவது இந்தப் பாட்டுக்கு நான் வைத்துக்கொண்ட விதி. பீட் இல்லாமல், கையால் தாளம் போட்டு, மெதுவாக. எங்கே அவர் தலையாட்டுகிறார், எங்கே முகம் மாறுகிறது, எங்கே வேறு வேலை பார்க்கத் திரும்புகிறார் என்று கவனிக்க வேண்டும். நண்பர்களிடம் பாடிக்காட்டினால் ஃப்ளோவை, வார்த்தை தாளத்தில் ஓடுகிற விதத்தை, பற்றிப் பேசுவார்கள். அத்தை விஷயத்தைப் பற்றிப் பேசுவார்.

இரண்டாவது வரிக்குச் சிரித்தார். கணுக்கால் கணக்கறியும் என்றதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முதல் வரிக்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "விரலு எங்க எரியுது மருமகனே? நகக்கண்ணுலதான எரியும். பகல்ல பல்லு பிரிக்கையில ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் பாத்திரம் கழுவக் கைய வெச்சா அப்பத் தெரியும்." பல்லைக் கீறிப் பிரிக்கும்போது நகத்துக்கு அடியில் சாறு இறங்கி நாள் முழுக்க அங்கேயே இருக்கிறது. பூண்டு நசுங்கும்போதுதான் அந்தக் காரம் உண்டாகிறது என்று அறிவியல் சொல்வதும் இதுதான். வரி மாறியது:

பல்லு பிரிச்ச நகக்கண்ணு பச்சத்தண்ணி பட்டா எரியும்
கல்லு வரப்பு ஏற ஏற கணுக்காலு கணக்கறியும்

இப்போது ஒற்றை நீக்கி எண்ணிப் பாருங்கள். பல்லு பிரிச்ச, ஐந்து. நகக்கண்ணு, நான்கு. பச்சத்தண்ணி, நான்கு. பட்டா எரியும், ஐந்து. கீழ் வரியும் அப்படியே ஐந்து, நான்கு, நான்கு, ஐந்து. 'விரலு எல்லாம்' இருந்தபோது இந்த ஒழுங்கு வரவில்லை. அத்தை சொன்ன சரியான சொல் வந்ததும் சந்தமும் சேர்ந்து வந்தது. உண்மையான சொல்லுக்கும் சரியான சந்தத்துக்கும் சண்டை வரும் என்று எழுதுகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தச் சண்டை பெரும்பாலும் நாம் இன்னும் தேடி முடிக்கவில்லை என்பதற்கான அடையாளம்.

மொத்தம் 18 எழுத்து, பாரில் இருப்பதோ 16 இடம். மிச்சம் இரண்டை எங்கே ஒளிப்பது? பேச்சுத் தமிழே வழி சொல்கிறது. 'வரப்பு ஏற' என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை, 'வரப்பேற' என்றுதான் வாயில் வரும். குற்றியலுகரம் (சொல் கடைசியில் குறுகி ஒலிக்கிற உகரம்) அடுத்த உயிருக்கு இடம் விட்டு ஓடிவிடும். 'பல்லு'வில் இருக்கிற உகரம் இலக்கணப்படி குற்றியலுகரம் கிடையாது, இருந்தாலும் வேகமான பேச்சில் தேய்கிறது. ஐந்து எழுத்து இருக்கிற தட்டில் இப்படி ஒன்றைத் தேய்த்துவிட்டால் போதும். எழுத்தை முழுசாக உச்சரித்துக்கொண்டு ராப் பாடினால் அது மேடைப் பேச்சாகிவிடும், தேய்க்க வேண்டிய இடம் தெரிந்து தேய்த்தால் ஊர்ப் பேச்சாகும்.

அடுத்த இரண்டு வரி சந்தையைப் பற்றியது. காயக் காயப் பூண்டு எடை குறையும். வீட்டில் நிறுத்தது ஒன்று, சந்தைத் தராசில் நிற்பது ஒன்று.

மூட்டை ஏத்தி விட்ட கையி முழுசா விலை கேட்டதில்ல
வீட்டு வாசல் வந்த எடையி சந்தையில நின்னதில்ல

இதில் இடைத்தரகர்களைத் திட்டி இன்னும் நான்கு வரி இருந்தது. கோபமான, கைதட்டல் வாங்குகிற வரிகள். அத்தை கேட்டுவிட்டு, "அவுகளும் நம்ம ஊருக்காரவுகதான், வெதைக்குக் காசு தந்ததும் அவுகதான்" என்றார். அந்த நான்கு வரியை எடுத்துவிட்டேன். கோபம் தப்பு என்பதற்காக எடுக்கவில்லை. அது என் கோபம், அவருடையது இல்லை. பாட்டு அவர் குரலில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நான் புகுந்து பேசினால் கேட்கிறவருக்கு அது தெரிந்துவிடும்.

ஹூக்குக்கு நான் போனது திருப்புகழிடம். பழனி அடிவாரத்தில் பாதயாத்திரைக் கூட்டத்தோடு நடந்தவர்களுக்குத் தெரியும், அருணகிரிநாதரின் சந்தத்தைக் கேட்டால் கால் தானாக வேகம் மாறும். 15-ஆம் நூற்றாண்டில் அந்த மனிதர் செய்துவைத்த தாள வேலைக்கு முன்னால் நாம் இப்போது செய்வதெல்லாம் ஆரம்பப் பாடம். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, நான்கில் ஓடுகிற தாளத்துக்கு மேலே ஐந்தை ஓட்டுவது: தகதகிட தகதகிட தகதிமிதக. ஐந்து, ஐந்து, ஆறு, கூட்டினால் 16. நடுவில் தாளத்தைவிட்டு விலகுவதுபோல இருக்கும், பாரின் முடிவில் சரியாக வந்து சேரும். இரண்டாவது, தொங்கல். ஒவ்வொரு நீண்ட அடிக்கும் கடைசியில் ஒரு சின்னத் துண்டைத் தனியாகத் தொங்கவிடுவார். பாடுகிறவர் மூச்சைச் சேர்த்துக்கொள்கிற இடம் அது. என் வெர்ஸில் இரண்டு பாருக்கு ஒரு தரம் அந்த மாதிரி ஒரு துண்டு வருகிறது, அங்கேதான் நான் மூச்சு எடுக்கிறேன்.

புகையேறுது பரணேறுது விலையேறலையே
பனி பெய்யுது மழை பெய்யுது களை ஓயலையே

இரண்டு வரியும் ஐந்து, ஐந்து, ஆறு. 'களை ஓயலையே' அத்தையின் பேச்சிலிருந்து அப்படியே எடுத்தது. மழையில் குனிந்தபடி யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார், நான் வரப்பில் நின்று கேட்டேன். உறுமிக்கார அண்ணனிடம் ஹூக்கைப் பாடிக்காட்டினேன். முதல் பாரில் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது பார் முடிந்து அடி சேர்ந்ததும், "சேருதே!" என்று உடனே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

குரல் பதிவு

எங்கள் வீடு தகரக் கூரை. மழை பெய்தால் பதிவு இல்லை, அவ்வளவுதான். அறுவடை முடிந்து மூட்டைகள் வீட்டுக்குள் இருக்கிற காலமாகப் பார்த்துப் பதிவு செய்தேன். சுவரோரம் அடுக்கிய பூண்டு மூட்டைகள் எதிரொலியை நன்றாக வாங்கிக்கொள்கின்றன. பரணுக்குக் கீழே, முதுகுக்குப் பின்னால் மூட்டை, எதிரே கொடியில் கம்பளி. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அடுப்பை அணைத்த பிறகுதான் மைக்கை உள்ளே கொண்டுவந்தேன், புகை மைக்குக்கு ஆகாது.

கண்டென்சர் மைக் மலையில் ஒரு தொந்தரவு. ஈரம் ஏறினால் படபடவென்று சத்தம் வரும், சில நேரம் குரலே மங்கிப்போகும். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடன் போட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்குப் பழகவிட்டு அப்புறம்தான் அந்த மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தைப் போடுவேன். இருந்தாலும் வெர்ஸுக்கு எஸ்எம்58-தான் பயன்படுத்தினேன். அது ஈரத்துக்கு அஞ்சாது, கிட்டே போனால் குரலின் அடி கனக்கும், சுற்றியிருக்கிற சத்தத்தைக் குறைவாக வாங்கும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் முனகலும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

பதிவு 24 பிட்டில், சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி. வெர்ஸை வரி வரியாக ஒட்டாமல் எட்டு எட்டு பாராகப் பாடினேன். கடைசி இரண்டு வரியில் குரல் களைத்திருக்கும். களையெடுக்கிற பாட்டில் அந்தக் களைப்பு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிக்ஸ்

மிக்ஸுக்கு நான் வைத்துக்கொண்ட இலக்கு ஒன்றே ஒன்று: அத்தையின் ரேடியோ. காட்டில் வரப்பு மேல் வைத்து நாள் முழுக்க கோடை பண்பலை 100.5 கேட்பார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடி பேஸ் அறவே வராது, ஸ்டீரியோவும் கிடையாது. அதனால் பாதி வேலையை மோனோவில் செய்தேன். உறுமியின் உறுமல் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போனது. அதில் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்குவது) சேர்த்ததும் மேலே இருக்கிற ஒலிகள் எழுந்து, கீழே இருப்பது இருக்கிற மாதிரியே காதுக்குத் தெரிந்தது. குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 'ச' உரசலுக்கு 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டீ-எஸ்ஸர் (அந்த உரசலை அடக்குகிறது). சுருதியைத் திருத்துகிற ஆட்டோடியூன் போடவில்லை. சத்த அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அலகு). அதற்கு மேல் ஏற்றினால் உறுமியின் ஏற்ற இறக்கம் செத்துவிடுகிறது.

வந்த அழைப்பு

ஹூக்கை மட்டும் சின்னத் துண்டாகப் போட்டிருந்தேன். அதைக் கேட்டு ஒரு தங்கும் விடுதி விளம்பரத்துக்காகப் பேசினார்கள். தொகை நல்ல தொகை. ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும்: 'விலையேறலையே' என்பது 'மனசேறிடுதே' ஆக வேண்டும். எண்ணிப் பார்த்தேன், அதுவும் ஆறு எழுத்து. சந்தம் துளிகூடச் சிதையாது. பாடினால் அழகாகவும் இருக்கும்.

வேண்டாம் என்றேன். விளம்பரத்துக்குப் பாடுவது கேவலம் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். காசு தேவைப்படுகிற வீடுதான் எங்களுடையது. உங்களுக்கென்று புதிதாக எழுதித் தருகிறேன், பனியைப் பற்றி, அடுப்பைப் பற்றி, நன்றாகவே எழுதுவேன் என்று சொன்னேன். அவர்களுக்கு இந்த ஹூக்தான் வேண்டும். இதில் இருக்கிற புகை அத்தை வீட்டுப் பரணில் ஏறிய புகை. அதில் விலை ஏறவில்லை என்ற பேச்சை எடுத்துவிட்டு மனசு ஏறுகிறது என்று வைத்தால், அதே புகை விருந்தினருக்கு வேடிக்கையாகிவிடும். அத்தையிடம் தொகையைச் சொல்லாமல் மறுக்கவில்லை. சொன்னேன். "ஒனக்கு வேணுமின்னா வாங்கிக்க, எம் பேச்ச மாத்தாத" என்றார். அதோடு முடிந்தது.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தையும் முழுக்கப் படித்தேன். எழுதுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. அதன்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டி வாங்குகிற உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். சினிமாவில் வராத தனிப்பாட்டுக்கும் இது பொருந்தும். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 57-ஆம் பிரிவு இன்னொன்று: உரிமையை விற்ற பிறகும், இது என் எழுத்து என்று சொல்லவும், பெயர் கெடுகிற மாதிரி சிதைத்தால் தடுக்கவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. 'எல்லா உரிமையும், என்றென்றைக்கும்' என்ற வரியைப் பார்த்து மிரண்டு உடனே கையெழுத்திடாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

பங்கு

பாடலாசிரியர் என்ற இடத்தில் இரண்டு பெயர் போட்டிருக்கிறேன், என் பெயரும் அத்தை பெயரும். நகக்கண் அவர் சொன்னது, களை ஓயலையே அவர் சொன்னது, நான்கு வரியை எடுக்க வைத்ததும் அவர். எழுதுவது என்றால் பேனா பிடிப்பது மட்டும் இல்லையே. வரிகளுக்கு வருகிற தொகையில் கால்வாசி அவருக்கு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பேசியதற்குக் காசா என்று முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. பல்லு பிரித்ததற்குக் கூலி வாங்குகிறீர்களே, அந்த மாதிரி இதுவும் கூலிதான் அத்தை என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது என்று மாதாமாதம் காட்டச் சொல்லியிருக்கிறார்.

உறுமிக்கார அண்ணனுக்கு வாசித்த அன்றைக்கே கூலி கொடுத்தேன், தவிரப் பதிவில் ஒரு பங்கும் எழுதியாயிற்று. வாசிக்கிற கலைஞருக்கும் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது, பாட்டின் விவரத்தில் அவர் பெயர் வருவது நியாயம். கோயில் கொடையில் வாசித்ததற்கு இதுவரை எங்கும் தன் பெயர் அச்சில் வந்ததில்லை என்றார். பாட்டை விநியோகத்துக்கு ஏற்றும்போது வாத்தியக்காரர் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், ஒரு நிமிட வேலை, நிரப்பிவிடுங்கள்.

முந்தைய பாட்டு ஓடிய அளவுக்கு இது ஓடவில்லை. ஆனால் கேட்கிறவர்கள் முழுசாகக் கேட்கிறார்கள், கடைசிவரை. வெர்ஸில் இருந்து வரியை எடுத்து எழுதி அனுப்புகிறார்கள். மன்னவனூரிலிருந்து ஒருவர், எங்கள் அம்மாவுக்குக் கணுக்கால் வரி மனப்பாடம் என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னணியில் அந்த அம்மா இன்னும் இரண்டு வரியைத் தானாகச் சேர்த்துப் பாடுகிறார், அதிலும் எதுகை இருக்கிறது. அனுமதி கேட்டிருக்கிறேன். சம்மதித்தால் மேடையில் பாடும்போது அந்த வரிகளையும் சேர்ப்பேன், அவர் பெயரைச் சொல்லி.

உறுமி ட்ராக்கைத் தனியாகக் கேட்டவர்களுக்கு: அண்ணனிடம் கேட்டேன். கூலி பேசிக் கூப்பிட்டால் எங்கே என்றாலும் வந்து வாசிப்பேன், துண்டாக வெட்டி ஆளுக்கு ஆள் கொடுப்பதில் விருப்பம் இல்லை என்றார். அதனால் அதைப் பகிரவில்லை. டெம்போ மேப்பும் கிக், பேஸ் ட்ராக்குகளும் வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.